சூரியக் காரின் முன்கண்ணாடி

ஏழு குதிரைகள் பூட்டிய தேரிலே சூரியபகவான் வானவீதியிற் பவனி வருகின்றான் என்று நம் முன்னோர் கூறினர். இக்கால விஞ்ஞானிகளோ அந்தச் சூரியனையே குதிரையாகப் பூட்டித் தரையிலே தேரோட்டத் தொடங்கிவிட்டனர். பெற்றோலின்றி, வெயிலை மட்டுமே உணவாகக் கொண்டு ஓடும் சூரியக் கார்களைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பர். அவற்றின் மின்கலங்களைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் எழுதுவோர் பலர். சாரதியின் முகத்துக்கு முன்னே நிற்கும் ஒளிபுகு தகட்டைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர்.

இப்பகுதியைத் தொடர்ந்து வாசித்துவரும் மாணவர் ஒருவர், "சூரியக் காருக்குச் சாதாரணக் காரின் முன்கண்ணாடியையே பொருத்தினால் என்ன குறை?" என்று வினவியுள்ளார். வினா சிறிது, விடை பெரிது. பாரம், காற்று, ஒளி, உஷ்ணம், மனித உயிர் ஆகிய ஐந்தும் அந்த ஒரு தகட்டிலே வந்து கூடுகின்றன. ஆதலால் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

ஸ்திரிக்கைப் பெட்டிக்குப் போதுமான மின்சாரம்

1982 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே ஹான்ஸ் தோல்ஸ்ற்றப் என்பவரும் லரி பேர்கின்ஸ் என்பவரும் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரிலிருந்து ஒரு சூரியக் காரிலே புறப்பட்டனர். இருபது நாள்களுக்குள் கண்டத்தைக் கடந்து, 1983 ஜனவரியிற் கிழக்குக் கரையிலுள்ள சிட்னியை அடைந்தனர். அப்பிரயாணத்தின் பயனாக, 1987 இல் வடக்கே டார்வினிலிருந்து தெற்கே அடிலெயிட் வரை ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் தூரத்துக்கு உலகச் சூரியக் கார்ப் போட்டி ஆரம்பமாயிற்று. முதலாவது போட்டியிலே ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியாரின் 'சன்றேசர்' என்னும் கார், மணிக்குச் சராசரி 67 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி முதலிடம் பெற்றது. பின்வந்த காலத்தில் இப்போட்டி பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களின் களமாக மாறிற்று.

இத்தகைய காருக்குக் கிடைக்கும் சக்தி எவ்வளவு? உச்சி வெயிலிலே, கிரணங்களுக்கு நேரே திரும்பிய ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 1,000 உவாற்றுச் சக்தி விழுகின்றது. 2017, 2019, 2023 ஆம் ஆண்டுகளில் நடந்த போட்டிகளில், ஒற்றையிருக்கைக் கார்கள் நான்கு சதுர மீற்றர் சிலிக்கன் கலங்களையே பரப்பலாம் என்பது விதி. அக்கலங்கள் தம்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றும். ஆகவே கார் முழுவதற்கும் கிடைப்பது சுமார் 1,000 உவாற்று. நம் வீட்டிலே துணி அழுத்தும் மின்சார ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்று உண்ணும் மின்சாரம் இவ்வளவே! அதனைக் கொண்டு ஒரு மனிதனை மணிக்கு எழுபது, எண்பது கிலோமீற்றர் வேகத்திற் கொண்டுசெல்ல வேண்டுமாயின், பாரத்திலும் காற்றுத்தடையிலும் அணுவளவு வீண்செலவையும் பொறுக்க முடியாது.

காற்றின் கொடுமையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லச் செலவாகும் வலுவோ எட்டு மடங்காகும். எனவே சூரியக் காரின் உடல் மீனின் உடல்போல வழுவழுப்பாக இருத்தல் வேண்டும். முன்கண்ணாடியும் நிமிர்ந்து நிற்றலாகாது. அவ்வுடலோடு ஒட்டிச் சரிந்து படுத்திருத்தல் வேண்டும். உடலும் கண்ணாடியும் சேரும் விளிம்பிலே சிறு மேடு இருப்பினும், அமைதியாக ஒழுகி வந்த காற்று அவ்விடத்திற் குழம்பிச் சக்தியைத் தின்றுவிடும்.

கண்ணாடியின் குணமும் குற்றமும்

சாதாரண மோட்டார்க் கார்களின் முன்கண்ணாடி தனிக் கண்ணாடியன்று. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளின் நடுவே ஒட்டுந்தன்மையுள்ள ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து அழுத்திச் செய்த மூவடுக்குத் தகடு அது. அதன் வரலாறு சுவையானது. 1903 ஆம் ஆண்டிலே எடுவார் பெனடிக்ரஸ் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞரின் ஆய்வுகூடத்தில் ஒரு குடுவை தவறி விழுந்தது. அது வெடித்தது; ஆனாற் சிதறவில்லை. ஒருகாலத்தில் அதனுள் இருந்த செலுலோசு நைத்திரேற்றுத் திரவம் உலர்ந்து, உட்புறத்தே தோல்போலப் படிந்து துண்டுகளைப் பிடித்துக்கொண்டதே காரணம். மோட்டார் விபத்துக்களிலே கண்ணாடிச் சில்லுகளால் மக்கள் காயமுறுவதை அறிந்தபோது அவருக்கு அக்குடுவையின் நினைவு வந்தது என்பர். 1909 இல் அவர் தம் கண்டுபிடிப்புக்கு உரிமைப்பத்திரம் பெற்றார்.

அடுக்குக் கண்ணாடி கீறல் விழாதது, வெயிலில் மஞ்சளிக்காதது, துடைப்பான் ஆயிரமாயிரம் முறை உராய்ந்தாலும் தெளிவு குன்றாதது. பின்னர் குறை யாது? பாரமே. கண்ணாடி தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு பாரமுடையது. ஒவ்வொன்றும் 2.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு தகடுகளும் நடுப்படலமும் சேர்ந்து, ஒரு சதுர மீற்றருக்குப் பதினொரு கிலோவுக்கு மேல் நிறுக்கும். இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் தகடோ அதே பரப்புக்கு ஏறத்தாழ 2.4 கிலோதான். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது கிலோ! மேலும், நீர்த்துளி போல எல்லாப் பக்கமும் வளைந்த குமிழ் உருவத்திலே அடுக்குக் கண்ணாடியை வார்ப்பது பெருந்தொழிற்சாலைகளுக்கே கடினமான காரியம். ஒரேயொரு கார் கட்டும் மாணவர் குழுவுக்கு அஃது எட்டாக் கனி.

அக்கிரிலிக்கும் பொலிகாபனேற்றும்

எனவே மாணவர் குழுக்கள் பிளாஸ்டிக்கை நாடுகின்றன. அங்கே இரண்டு போட்டியாளர் நிற்கின்றனர்.

முதலாமவர் அக்கிரிலிக். பேர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்னும் வர்த்தகப் பெயர்களோடு 1930 களிற் சந்தைக்கு வந்தவர் இவரே. தம்மீது நேரே விழும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை உள்ளே விடுவார். ஆண்டுக்கணக்கில் வெயிலிற் கிடந்தாலும் எளிதில் மஞ்சளிக்கார். சிறு கீறல் விழுந்தால் மெருகிட்டு மாற்றிவிடலாம். ஆனால் பலமாக அடிபட்டால் உடைந்து கூரிய துண்டுகளாவார். இரண்டாவது உலக யுத்தத்திலே பிரித்தானிய யுத்த விமானங்களின் மேற்கூடுகள் இப்பொருளாற் செய்யப்பட்டன. குண்டுபட்டு அவை சிதறியபோது, துண்டுகள் விமானிகளின் கண்களிலே பாய்ந்தன. அவர்களுக்குச் சிகிச்சை செய்த ஹரோல்ட் றிட்லி என்னும் வைத்தியர், அத்துண்டுகள் கண்ணுக்குள் கிடந்தும் கண்ணைப் புண்ணாக்காதிருத்தலைக் கவனித்தார். 1949 இல் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிலே, அதே இனப் பொருளாற் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். இன்று கண்புரைச் சிகிச்சையால் பார்வை மீளப்பெறும் நம் பாட்டனாரும் பாட்டியாரும் அந்த அவதானத்துக்குக் கடமைப்பட்டவர்கள். தீமையிலிருந்து நன்மை பிறந்த கதை இது. எனினும், சாரதியின் கண்ணருகே அக்கிரிலிக்கை நிறுத்துவோர் அந்தத் தீமையையும் மறந்துவிடலாகாது.

இரண்டாமவர் பொலிகாபனேற்று. 1953 இல் ஜெர்மனியிலே பேயர் கம்பனியைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவிலே ஜெனரல் எலெக்றிக் கம்பனியைச் சேர்ந்த டானியல் பொக்ஸ் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே இதனைக் கண்டுபிடித்தனர். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்கவசத்தின் முகமறைப்பும், கார்களின் முன்விளக்கு மூடியும் பெரும்பாலும் இப்பொருளே. சுத்தியலால் அடித்தாலும் வளைந்து கொடுக்குமேயன்றி எளிதில் உடையாது. டார்வினுக்கும் அடிலெயிட்டுக்கும் இடையேயுள்ள நெடுஞ்சாலையில், ஐம்பது மீற்றருக்கு மேல் நீளமான 'வீதி ரயில்' என்னும் பார வண்டிகள் எதிர்ப்படும். அவற்றின் சில்லுகள் வீசும் கல்லொன்று தாழ்ந்து கிடக்கும் சூரியக் காரின் முகத்தில் மோதுமாயின், அந்தக் கணத்தில் உயிர் காப்பது இந்த வளைந்து கொடுக்கும் குணமே.

பொலிகாபனேற்றுக்கும் குறைகள் உள. நகம் பட்டாலும் கீறும் அளவுக்கு அதன் மேற்பரப்பு மென்மையானது. கழியூதாக் கதிர்களால் நாளடைவில் மஞ்சளிக்கும். ஆதலால் கதிர்களை விழுங்கும் பூச்சும், கீறலைத் தாங்கும் வன்பூச்சும் அதற்கு வேண்டும். பழைய கார்களின் முன்விளக்குகள் பால்படிந்தாற் போல மங்கியிருத்தலை வாசகர்கள் கண்டிருப்பர். அவ்வன்பூச்சு அழிந்ததன் விளைவே அது.

சாய்வு செய்யும் சூழ்ச்சி

இனி ஒளியைப் பற்றிப் பார்ப்போம். காற்றுக்காக முன்கண்ணாடியைச் சரித்தோம் அல்லவா? அச்சரிவு கண்ணுக்குத் தீங்கு செய்கின்றது. தகட்டை நேர்குத்தாக ஊடுருவும் ஒளியில், ஒவ்வொரு மேற்பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு தெறித்துப்போகும். இரு பரப்புக்கும் எட்டுப் பங்கு நட்டம். சாரதியின் பார்வைக்கோடு தகட்டின் செங்குத்துக் கோட்டோடு 60 பாகைச் சாய்வில் அமையுமாயின், நட்டம் ஏறத்தாழப் பதினைந்து பங்கு. 75 பாகையாயின் முப்பத்தெட்டுப் பங்கு! மத்தியான வெயிலில் இது பெரிதாகத் தோன்றாது. பிற்பகல் ஐந்து மணிக்குச் சூரியன் சரிந்து, வீதியின் மேடுபள்ளங்களும் எதிரே வரும் வண்டியும் நிழலுள் மறையத் தொடங்கும் வேளையில் அதன் கொடுமை விளங்கும். தெறிக்கும் ஒளி வீணாகிப் போவதோடு நில்லாது. சாரதிக்கு முன்னேயுள்ள பலகையின் பிரதிபிம்பம் கண்ணாடியில் விழுந்து, காட்சியின்மேல் ஆவிபோல மிதக்கும். உட்புறத்துக்கெல்லாம் மினுக்கமற்ற கறுப்பு நிறம் பூசுதல் இதன் பொருட்டே.

இன்னுமொரு சூழ்ச்சி உண்டு. இருபுறமும் சமாந்தரமான தகடு பார்வைக்கோட்டைச் சற்றே தள்ளிவைக்குமேயன்றித் திருப்பாது. தடிப்பு ஓரிடத்திற் கூடியும் ஓரிடத்திற் குறைந்தும் இருப்பின், அத்தகடு அரியம்போலத் தொழிற்பட்டு ஒளியை வளைத்துவிடும். நேரான வீதிக்கோடு நெளிந்து தோன்றும். எதிரே வரும் வண்டியின் தூரம் தவறாகத் தோன்றும். அதனைப் பல மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் சாரதிக்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாகும். தகடு எவ்வளவுக்குச் சரிகின்றதோ அவ்வளவுக்கு இக்குறை பெருகும்.

இக்குறை பிறப்பது தகட்டை வார்க்கும் இடத்திலேதான். தகட்டைச் சூடேற்றி இளக்கி அச்சின்மீது கவிழ்த்தால், அச்சின் நுண்ணிய மேடுபள்ளங்கள் அனைத்தும் அதிற் பதிந்துவிடும். ஆகவே அச்சின்மீது மென்மையான கம்பளித் துணியை விரிப்பர். அல்லது ஓரங்களை மட்டும் சட்டத்திற் பிடித்துக்கொண்டு, நடுப்பகுதியைக் காற்றழுத்தத்தாற் குமிழாக ஊதுவர். எதுவும் தொடாத மேற்பரப்பே தெளிவான மேற்பரப்பாகும். பொலிகாபனேற்றுக்கோ இன்னுமொரு விரதமும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது உறிஞ்சி வைத்திருக்கும். வார்ப்பதற்கு முன் 120 பாகைச் சூட்டிலே பல மணி நேரம் உலர்த்தாவிடின், இளகும்போது அவ்வீரம் ஆவியாகித் தகடு முழுவதும் குமிழிகள் தோன்றும். இவ்விரதத்தைத் தவறவிட்டால் தகடும் உழைப்பும் வீணே.

உள்ளே வேகும் சாரதி

சூரியக் காருக்குச் சூரியனே நண்பன். சாரதிக்கோ அவனே பகைவன். ஒளிபுகு கூட்டினுள்ளே நுழையும் கதிர்கள் இருக்கையையும் ஆடையையும் சூடாக்கும். அச்சூட்டினால் வெதும்பிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. குளிரூட்டும் யந்திரம் வைக்க மின்சாரம் ஏது? மயக்கமுற்ற சாரதியின் கையிலுள்ள கார், வீதியிலே வருவோர் அனைவருக்கும் ஆபத்து. ஆகவே இதனைச் சுகத்தைப் பற்றிய விடயமென எண்ணலாகாது. பாதுகாப்பைப் பற்றிய விடயம் இது.

வெயிலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களாக வருகின்றது. அதனை மட்டும் தடுத்துவிட்டால் பார்வை குறையாமல் வெப்பம் குறையும். இவ்வேலைக்கு உகந்த உலோகம் பொன். ஊடுருவிப் பார்க்கக்கூடிய அளவுக்கு மெல்லிய பொற்படலம், செங்கீழ்க் கதிர்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். விண்வெளி வீரர்களின் முகமறைப்பிற் பொன் பூசப்படுவது இதற்காகவே. 1987 இல் வென்ற 'சன்றேசர்' காரின் கூட்டுக்கும் பொற்பூச்சு இடப்பட்டிருந்தது. ஆனால் எந்தப் பூச்சும் காட்சி ஒளியில் ஒரு பங்கைத் தின்னாமல் விடாது. ஆதலால் பூச்சின் அளவைக் குறைத்து, மூக்கருகே சிறு துவாரம் வைத்து வெளிக்காற்றை உள்ளே விடுவோரே பலர். அக்காற்றைத் தகட்டின் உட்புறத்தில் தவழவிட்டால், மழை வேளையில் மூச்சின் ஈரம் படிந்து பார்வை மறைவதும் தவிர்க்கப்படும்.

கூட்டின் உயரத்திலும் ஒரு வழக்குண்டு. சாரதியின் கண் உயர்ந்தால் வீதி நன்கு தெரியும். கூட்டின் நிழலோ பின்னேயுள்ள சூரியக் கலங்களின்மீது நீளும். கலங்கள் சங்கிலிபோல ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் நின்றுவிட்டால் பின்வருவோர் அனைவரும் நிற்பது போல, ஒரு கலத்தில் நிழல் விழுந்தால் அத்தொடர் முழுவதிலும் மின்னோட்டம் தளரும். மாற்றுவழி இணைப்புக்கள் வைத்து இதனைத் தணிப்பர். எனினும் நிழலை முற்றாக வென்றவர் இல்லை.

பொருத்துதலும் பேணுதலும்

உடலைக் காபன் நார்த் தகட்டினாற் செய்வது இப்போது வழக்கம். அது சூட்டினால் ஏறத்தாழ விரிவதே இல்லை. பொலிகாபனேற்றோ, ஒரு மீற்றர் நீளத்துக்கு 40 பாகைச் சூடு ஏறினால் ஏறக்குறைய 2.7 மில்லிமீற்றர் விரியும். இறுகத் துளையிட்டு ஆணி முடுக்கினால், மத்தியான வெயிலிலே துளையின் ஓரத்தில் வெடிப்புத் தோன்றும். ஆகவே துளையை நீள்வட்டமாக அகலித்தோ, மீள்தன்மையுள்ள சிலிக்கோன் பசையால் ஒட்டியோ பொருத்துதல் வேண்டும். விபத்து நேர்ந்தால் சாரதி எவருடைய உதவியுமின்றி விரைந்து வெளியேறவும், வெளியிலிருந்து பிறர் திறக்கவும் கூடியதாகக் கூடு அமைதலும் அவசியம்.

இல்லத்தரசியர்க்கும் இளைஞர்க்கும் பயன்படும் ஒரு குறிப்பையும் இங்கே கூறிவைப்போம். பொலிகாபனேற்றுக்குப் பெற்றோல், அசற்றோன், அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவு நீர் ஆகியவை பகை. அவை பட்டால் மேற்பரப்பிலே மயிரிழை வெடிப்புகள் தோன்றலாம். வீட்டிலுள்ள தலைக்கவசத்தின் முகமறைப்பையும், பிளாஸ்டிக் வில்லையுள்ள மூக்குக்கண்ணாடியையும் மென்மையான சவர்க்கார நீரால் நனைத்து, முதலிற் தூசியைக் கழுவிய பின்னரே பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். உலர்ந்த தூசியோடு துடைப்பது மணற்கடதாசியால் தேய்ப்பதற்குச் சமானம்.

முடிவாக

இனி நம் மாணவரின் வினாவுக்கு வருவோம். சில நாள் ஓட்டமே நோக்கமாகக் கொண்ட போட்டிக் காருக்கு, வன்பூச்சிட்ட மெல்லிய பொலிகாபனேற்றே தக்கது என்பது நம் கருத்து. பத்தாண்டு காலம் மழையிலும் புழுதியிலும் ஓடி, நாள்தோறும் துடைப்பான் உராயவேண்டிய குடும்பக் காருக்கு அடுக்குக் கண்ணாடியே இன்றும் மேலானது. இவ்விரண்டுக்கும் நடுவே புதியதொரு வழியும் தோன்றியுள்ளது. கண்ணாடியை உருகிய பொற்றாசிய உப்பில் ஊறவைத்தால், மேற்பரப்பிலுள்ள சிறிய சோடிய அயன்களின் இடத்தைப் பெரிய பொற்றாசிய அயன்கள் பிடித்துக்கொண்டு நெருக்கும். அந்த நெருக்கத்தால் மெல்லிய கண்ணாடியும் மிக்க உறுதி பெறும். கைத்தொலைபேசிகளின் முகப்பில் வந்த இக்கண்ணாடியை, 2015 இன் இறுதியிலே போட் கம்பனியார் தம் விரைவுக் கார் ஒன்றின் முன்கண்ணாடியில் ஓர் அடுக்காகச் சேர்ப்பதாக அறிவித்தனர். பாரத்தில் ஐந்து கிலோவுக்கு மேற் குறைந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர மாணவர்கள் 2013 இல் நால்வர் அமரும் 'ஸ்டெல்லா' என்னும் சூரியக் காரை ஓட்டிப் போட்டியிலே வென்றதன்பின், குடும்பத்துக்கேற்ற சூரியக் கார் என்பது வெறுங் கனவாக இல்லை. அக்காரை வாங்குவோர் அதன் கண்ணாடி பத்தாண்டு நிலைக்குமா என்று முதலிற் கேட்பர்.

மாணவர்கள் ஒன்றை மனத்தில் இருத்துதல் நன்று. குற்றமற்ற பொருள் உலகில் இல்லை. பாரம் குறைந்தது கீறும், கீறாதது பாரம், சரிந்தது காற்றை வெல்லும், கண்ணை ஏய்க்கும். எந்தக் குறையை நாம் பொறுக்கலாம், எதனைப் பொறுக்கலாகாது என்று ஆய்ந்து தெளிவதே பொறியியல். ஒரு கிலோ கூடுதலாயின் போட்டியிலே சில நிமிடங்கள் போகும். சாரதியின் கண் போனால் மீளாது. இதனை மறவாதவர் தேர்ந்தெடுக்கும் தகடு எதுவாயினும் அது நல்ல முன்கண்ணாடியாகவே அமையும்.